‘அடிச்சான்’ என்று எழுதியிருந்தேன்

புத்தகக் கட்டு வந்தபோது கடையில் கூட்டம். சின்னமனூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, மாதா கோயில் கொடியேற்ற நோட்டீஸ் என்று சுற்றுவட்டாரத்து நல்லது கெட்டது எல்லாம் என் விரல் வழியாகத்தான் அச்சுக்குப் போகும். என்னுடைய இரண்டாவது புத்தகத்தையும் அதே மேசையில் உட்கார்ந்துதான் தட்டச்சு செய்தேன். சில சிறுகதைகள், கடைசியில் ஒரு நெடுங்கதை. ஒவ்வொரு எழுத்தும் நானே அடித்தது. எந்த வரியில் எந்தச் சொல் மடங்கி அடுத்த வரிக்குப் போகும் என்பது வரை எனக்குத் தெரியும்.

ஆதார் நகல் எடுக்க நின்றவர்களை அனுப்பிவிட்டுக் கட்டைப் பிரித்தேன். அட்டையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, நெடுங்கதையின் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டினேன். அந்தப் பக்கத்தை எழுதுவதற்குத்தான் மற்ற எல்லாப் பக்கங்களையும் எழுதினேன்.

‘அடிச்சாங்க’ என்று இருந்தது.

அச்சுப்பிழை என்று நினைத்து முந்திய பக்கங்களைப் புரட்டினேன். ‘வந்தாக’ எல்லாம் ‘வந்தாங்க’ ஆகியிருந்தது. ‘அங்கன’ எல்லாம் ‘அங்கே’. ‘பிள்ளைக’ எல்லாம் ‘பிள்ளைங்க’. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிற என் பெண்கள் ஒரே இரவில் சென்னைக்குக் குடிபோனவர்களைப் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே ஆனிக் காற்று கடைப் பலகையைப் பெயர்த்துவிடுகிற மாதிரி அடித்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பதிப்பாளருக்குப் போன் போட்டேன்.

மற்ற ஊர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மரியாதைக்கு ‘ஆக’ போடுவோம். மாமனார் வந்தாக, வாத்தியார் சொன்னாக. புருஷனைப் பற்றிப் பேசும்போது பெண்டாட்டிக்கு வாயில் வேறு எதுவும் வராது. என் கதையில் வருகிறவள் முதல் வரியிலிருந்து அப்படித்தான் பேசுகிறாள். குடும்பம் நடத்திய காலம் முழுக்க அவள் புருஷன் ‘வந்தாக’, ‘திட்டுனாக’, ‘அடிச்சாக’. கடைசிப் பக்கத்தில், ஊர்ப் பெரியவர்கள் முன்னால், முதல் தடவையாக அவள் ‘அடிச்சான்’ என்று சொல்கிறாள். கதை அங்கே முடிகிறது. அந்த விகுதிதான் கதை. அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பக்கங்களும் அட்டையும்தான்.

பதிப்பாளர் சென்னையில் இருந்தார். “மேடம், புக் வந்துருச்சா? அட்டை எப்படி?” என்று உற்சாகமாக ஆரம்பித்தார்.

“உள்ளே மொத்தத்தையும் மாத்தியிருக்கீங்க. யாரைக் கேட்டு மாத்துனீங்க?”

“மாத்தலையே மேடம். மெய்ப்புப் பார்த்தவர் கொஞ்சம் சீர் பண்ணியிருக்கார். வேற யாரும் இல்ல, உங்க ஊர்க்காரர்தான். உங்களை எங்களுக்கு அறிமுகம் செஞ்சு வச்சாரே, அவரேதான். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டதாச் சொன்னாரே?”

நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அவர் தேனியில் இருக்கிறார். கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர், நாவல்கள் எழுதியிருக்கிறார். என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். என் முதல் கதை ஒரு சிற்றிதழில் வந்தபோது தேடிப் பிடித்துப் போன் செய்து பாராட்டியவர். மாதம் ஒரு தடவையாவது தேனிக்குப் போய் அவர் வீட்டில் உட்கார்ந்து பேசாமல் இருந்ததில்லை. எழுதுகிறவர்களோடு பேசுவதில் ஒரு சுகம் இருக்கிறது. ஒரு சொல் சரியா தப்பா என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கலாம், யாரும் பைத்தியம் என்று சொல்லமாட்டார்கள். அப்படி ஒரு சாயங்காலம் அவரிடம்தான் இந்தக் கதையின் மூலத்தைச் சொல்லியிருந்தேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

அது என் அம்மாவுக்கு நடந்தது. அப்பா எங்கள் ஊர்ப் பங்குக் கோயிலில் உபதேசியார். சாமியார் (பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம்) இல்லாத நாட்களில் ஜெபம் சொல்லி வைப்பார், சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பார். குடிக்க மாட்டார், பீடி சிகரெட் கிடையாது. வீட்டில் அம்மாவை அடிப்பார். சத்தம் போடாமல், நிதானமாக, ஒரு வேலையை முடிக்கிற மாதிரி அடிப்பார். ஒரு நாள் அம்மாவின் மணிக்கட்டு முறிந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் விஷயத்தைப் பங்குச் சாமியாரிடம் கொண்டுபோனார்கள். சாமியார் பங்களா வராந்தாவில் அப்பா நாற்காலியில், அம்மா தரையில். நானும் தம்பியும் தூணுக்குப் பக்கத்தில் நின்றோம்.

சாமியார் அம்மாவிடம் கேட்டார். “என்னம்மா நடந்துச்சு, சொல்லுங்க.”

அம்மா தலையைத் தூக்கினாள். “அடிச்சான் சாமி. பிள்ளைக முன்னாடி அடிச்சான். குடிச்சுப்புட்டு அடிக்கல, தெளிவா இருந்து அடிச்சான்.”

கூட வந்திருந்த அப்பாவின் தங்கை, எங்கள் அத்தைதான் முதலில் கத்தினாள். “ஆத்தாடி, கட்டுன புருஷன அவன் இவன்ங்கிறா பாருங்க!”

சாமியாரும் சங்கடப்பட்டு, “மரியாதையாப் பேசும்மா” என்றார்.

“மரியாதையாத்தான் சாமி இத்தன வருசமும் பேசுனேன்” என்றாள் அம்மா.

அப்பா முகத்தில் அன்றைக்குப் பார்த்ததை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அவர் கை ஓங்கவில்லை. அம்மாவும் பழைய ‘அவுக’வுக்குத் திரும்பவில்லை. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தால், “உங்கப்பாவுக்குச் சாப்பாடு எடுத்து வச்சாச்சு” என்று வாக்கியத்தையே வேறு மாதிரி முடித்துக்கொள்வாள். அவர் சாகும்வரை அப்படித்தான்.

கதையில் கோயிலும் உபதேசியாரும் கிடையாது. திராட்சைத் தோட்டக் குத்தகைக்காரன் ஒருவன், ஊர்ப் பஞ்சாயத்து. அம்மாவின் அந்தப் பதிலையும் நான் சேர்க்கவில்லை. ‘அடிச்சான்’ போதும், அதற்கு மேல் விளக்கம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

மறுநாளே கடையைப் பூட்டிவிட்டுத் தேனிக்குப் பஸ் ஏறினேன். வீரபாண்டி தாண்டும்வரை என்ன கேட்பது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அண்ணன் மாடியறையில் இருந்தார். மேசையில் என் புத்தகம் கிடந்தது. “வா வா, அட்டை பிரமாதமா வந்திருக்கு பாத்தியா?” என்றார்.

“ஏண்ணே மாத்துனீக?”

“எத?”

“எல்லாத்தையும். கடைசிப் பக்கத்தையும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இங்க பாரு. ஒரே பொம்பள, ஒரே புருஷன். முன்னாடி எல்லாம் அடிச்சாகங்கிறா, கடைசியில அடிச்சான்ங்கிறா. படிக்கிறவன் என்ன நெனைப்பான்? எழுதுனவ கவனமில்லாம எழுதியிருக்கான்னு நெனைப்பான். உனக்கு அந்தப் பேரு வரக்கூடாதுன்னுதான் ஒரே சீரா ஆக்குனேன்.”

“அது கவனமில்லாம எழுதுனதுன்னு நீங்களே நெனைச்சீகளா? எங்கம்மா கதைய உங்கள்ட்டதான சொன்னேன்?”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். ஞாபகம் இல்லாமல் செய்திருப்பார் என்று அந்த நிமிஷம்வரை நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு அவர் சொன்னார், “ஞாபகம் இருக்கு. அதனாலதான் யோசிச்சேன். வாழ்க்கையில நடந்தது வேற, கலை வேற. கடைசிவரைக்கும் அவ மரியாதை கொடுத்தே பேசுறாள்னு வையி, அதுல இருக்கிற சோகம் பெருசு. அவன்னு சொல்லிட்டா அது சண்டையாப் போயிரும். தரம் எறங்கிரும்.”

அப்போது அவர் மனைவி காபியோடு மேலே வந்தார்கள். நல்ல மனுஷி. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, “ஒன் புத்தகத்தத்தான் வாரம் முச்சூடும் பாத்தாக. சாப்பிடக்கூட எறங்கி வரல. நம்ம பிள்ள புத்தகம், ஒரு கொறை வந்துறக் கூடாதுன்னாக” என்றார்கள்.

பாத்தாக. கூடாதுன்னாக. அந்த வீட்டில் அன்றாடம் புழங்குகிற சொல்தான். கேட்டுக்கொண்டேதான் அவர் அவ்வளவையும் அடித்து அடித்துத் திருத்தியிருக்கிறார்.

“அக்கா பேசுறாகளே, இதுவும் தரம் கெட்ட பேச்சாண்ணே?” என்று கேட்டேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “வீட்ல பேசுறத எல்லாம் புத்தகத்துல போட முடியுமா? இந்த ஆகவையும் அங்கனயையும் வச்சுக்கிட்டு நீ ஆண்டிபட்டி கணவாயத் தாண்டி மதுரைக்குக்கூடப் போக மாட்ட. நான் தாண்டியிருக்கேன். எப்படின்னு எனக்குத் தெரியும்.”

காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டு இறங்கினேன். அக்கா பின்னாலேயே படியிறங்கி வந்து, “என்னாச்சு ஆத்தா?” என்று கேட்டார்கள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பஸ்ஸில் வரும்போதே கம்பத்தில் இருக்கிற தோழிக்குப் போன் செய்தேன். அவளும் கதை எழுதுகிறவள், குமுளி வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வருகிற பெண்களைப் பற்றி ஒரு தொகுப்பு கொண்டுவந்திருக்கிறாள். என் புத்தகத்தின் வெளியீட்டு விழாவில் பேச ஒத்துக்கொண்டிருந்தாள். அச்சுக்குப் போன பிரதி அவளுக்கு முன்னமே போயிருந்தது.

“கடைசிக் கதை எப்படி இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டேன்.

“நல்லா இருந்துச்சுக்கா. முடிவுதான் கொஞ்சம் புரியல. அடிச்சாங்கன்னு வருதே, ஊரே சேந்து அடிச்சாகளா?”

பஸ் என்று பார்க்காமல் கத்திவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும், “நான் எப்படிக்கா இத யோசிக்காமப் போனேன்? புத்தகம்னா இப்படித்தான இருக்கும்னு படிச்சுட்டுப் போயிட்டேனே” என்றாள். அவளுக்கும் கோபம் வந்தது. முதலில் தன்மேல், அப்புறம் அவர்மேல். “விழாவுக்குப் போகாதக்கா. அவுகளே வெளியிட்டு அவுகளே வாங்கிக்கிறட்டும்.”

போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அம்மாவால்தான் போனேன். அவள் பெட்டியிலிருந்து பட்டுச்சேலையை எடுத்து வெயிலில் போட்டிருந்தாள். கோயிலில் தன்னோடு ஜெபமாலை சொல்கிற பெண்களிடம் எல்லாம் சொல்லியும் வைத்திருந்தாள்.

விழா தேனியில் ஒரு மண்டபத்தின் மாடியில். தலைமை அண்ணன். மேடையில் ஏறியதும் அவருடைய பேச்சே மாறிவிடும், எப்போதும் அப்படித்தான். ‘வந்தாங்க’, ‘சொன்னாங்க’, ‘அவங்க’. அன்றைக்குத்தான் அது என் காதில் முள்ளாகக் குத்தியது. தோழி தன் முறை வந்தபோது மற்றக் கதைகளைப் பற்றிப் பேசிவிட்டு, “கடைசிக் கதையப் பத்தி அக்காவே பேசுவாக” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்து மதுரையிலிருந்து வந்திருந்த பேச்சாளர். வெள்ளை வேட்டி, நல்ல குரல். அவர் அந்தக் கதையைத்தான் எடுத்தார். “அத்தனை அடியையும் வாங்கிக்கிட்டு, பஞ்சாயத்துல நிக்கும்போதுகூட அந்தத் தாய் என்ன சொல்றா? அடிச்சாங்க! புருஷனை ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாச் சொல்லலியே! அதுதாங்க நம்ம மண்ணு, அதுதாங்க நம்ம பெண்மை!” என்று மேசையைத் தட்டினார்.

கைதட்டினார்கள். நான் முன்வரிசையில் இருந்த அம்மாவைப் பார்த்தேன். அவள் கைதட்டவில்லை. சரியாகக் கேட்கவில்லையோ என்பது போலத் தலையைச் சாய்த்துப் பேச்சாளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொன்ன சொல்லைப் பிடுங்கிக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு கும்பிடை வைத்து, அதற்குக் கைதட்டு வேறு.

ஏற்புரைக்குக் கூப்பிட்டார்கள். நன்றி சொல்லத் தாளில் எழுதி வைத்திருந்ததை எடுக்கவே இல்லை. “இந்தப் புத்தகத்தோட கடைசிப் பக்கம் நான் எழுதுனதில்ல” என்று ஆரம்பித்தேன். நான் எழுதியிருந்த கடைசிப் பக்கத்தை மனப்பாடமாகச் சொன்னேன். ‘அடிச்சான்’ என்று அதை முடித்தேன். “அவ மரியாதை கொடுத்துச் சாகல. மரியாதைய எடுத்துட்டுத்தான் உயிரோட இருந்தா. இத மாத்துனது யாருன்னு மேடையில இருக்கிறவுகளுக்குத் தெரியும்.”

யாரும் கைதட்டவில்லை. பேச்சாளர், “அப்படியும் ஒரு வாசிப்பு இருக்கலாம்” என்று பக்கத்து நாற்காலியில் முணுமுணுத்தார். அண்ணன் மைக்கை வாங்கி, “எழுத்தாளர் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. முதல் விழா பாருங்க” என்று சிரித்தார். கூட்டமும் சிரித்தது. எனக்கு அது முதல் விழாவும் கிடையாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவளோடு விழாவுக்கு வந்திருந்த ஜெபமாலைப் பெண்கள் பின்சீட்டில் இருந்தார்கள். உத்தமபாளையம் போகிற பஸ், சின்னமனூரில் இறங்க வேண்டும். பழனிசெட்டிபட்டி தாண்டியதும் அம்மா கேட்டாள்.

“நீ சொன்னது நான் சொன்னதுதான?”

அதுவரை அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை. “ஆமாம்மா” என்றேன். திட்டுவாள் என்று பயந்தேன்.

“புத்தகத்துல வேற மாதிரியா போட்டிருக்கு?”

“ஆமா. மாத்திட்டாரு.”

“யாரு, தலைமையில உக்காந்திருந்தானே, அவனா?” அம்மா முந்தானையை இழுத்துச் சொருகினாள். “என் வாயில வந்தத மாத்துறதுக்கு அவன் யாரு?”

அதோடு முடித்துவிட்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

பதிப்பாளரோடு பல நாள் போனில் சண்டை போட்டேன். அடுத்த அச்சில் திருத்தலாம் என்றார், இந்த அச்சு விற்றால்தான் அடுத்த அச்சு என்றும் சொன்னார். அதாவது தப்பான புத்தகத்தை எல்லாரும் வாங்கிப் படித்து முடித்தபிறகு சரியான புத்தகம் வரும். என் கைக்கு வந்த பிரதிகளையாவது சரிசெய்வோம் என்று கடைசிப் பக்கத்தை அதே எழுத்துருவில், அதே அளவில் கடையிலேயே அச்செடுத்தேன். கம்பத்திலிருந்து தோழி வந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டினோம். காற்றில் தாள் பறக்காமல் இருக்க ஸ்டேப்ளரையும் பஞ்சரையும் மேலே வைத்துக்கொண்டு ஒட்டினோம். மற்றப் பக்கங்களை என்ன செய்ய? அவை அப்படியேதான் இருக்கின்றன, ‘அங்கே’, ‘வந்தாங்க’ என்று.

பிறகு ஒரு கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். அந்தக் கதையைப் பாடத்தில் வைக்க விருப்பம் என்றார்கள். முடிவை மாற்றித் தருகிறேன், ஒரு பக்கம்தான் என்றேன். போனில் பேசிய பேராசிரியை நயமாகச் சொன்னார், “மேடம், குழுவுக்கு இப்ப இருக்கிற முடிவுதான் பிடிச்சிருக்கு. மாணவிகளுக்கும் அதுதான் பொருத்தமா இருக்கும்.”

“அப்ப அந்த முடிவ எழுதுனவரைக் கேளுங்க” என்று வைத்துவிட்டேன். எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு வாய்ப்பு எத்தனை தடவை வரும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வைத்தபிறகும் வெகுநேரம் கை போன்மேலேயே இருந்தது. ஆனாலும் திரும்பக் கூப்பிடவில்லை.

அண்ணனிடமிருந்து ஒரே ஒரு போன் வந்தது. “மேடையில வச்சு என் மானத்த வாங்கிட்ட. ஒன்ன எழுத்தாளர்னு நாலு பேருக்குச் சொன்னதே நான்தான்.”

“நீங்க சொன்னீக. இல்லைங்கல. ஆனா எழுதுனது நான்” என்றேன்.

அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. அவருடைய புது நாவல் வந்திருக்கிறது, வாங்கிப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். அதில் வருகிற போடிக்காரர்கள் எல்லாரும் எந்த ஊர் என்றே சொல்ல முடியாதபடி பேசுகிறார்கள். போன் செய்து சண்டை பிடிக்கக் கை பரபரத்தது. அந்த உரிமை போய்விட்டது என்பதுதான் இதில் எல்லாவற்றையும்விடக் கோபமாக இருக்கிறது. ஒரு சொல்லைப் பற்றி ஒரு சாயங்காலம் முழுக்கப் பேச எனக்கு இந்தப் பக்கத்தில் இருந்தது அவர் ஒருவர்தான். தோழிக்குப் பிள்ளைகள், வேலை, அவ்வளவு நேரம் கிடையாது.

இந்த வருஷம் அடுத்த தொகுப்பை முடித்தேன். என்னைக் கேட்காமல் ஓர் எழுத்தையும் தொடக்கூடாது என்று முதலிலேயே சொன்னேன். பெரிய பதிப்பகத்தார் சிரித்தார்கள், இன்னொருவர் பதிலே போடவில்லை. மதுரையில் புதிதாகப் பதிப்பகம் ஆரம்பித்திருக்கிற ஓர் இளம்பெண் ஒத்துக்கொண்டாள். அவள் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். இப்போது தினமும் போன் செய்கிறாள். நான் யாருக்காவது சிவப்பு மையில் மஞ்சள் நீராட்டுப் பத்திரிகை எடுத்துக்கொண்டிருப்பேன், அப்போதுதான் சரியாகக் கூப்பிடுவாள்.

“மேடம், இங்கனன்னு இருக்கே, இங்கேயா, இந்தப் பக்கமா?”

“இங்கனதாம்மா.”

“சரி மேடம். அப்புறம் இந்தப் பாட்டி மூணாவது கதையில பேரனை வந்தாகங்கிறாங்க. வந்தான்னு வரணுமா?”

“வரக்கூடாது. அவன் கலெக்டராகிட்டு வர்றான். கேலியாச் சொல்றா.”

“ஓ!” என்று சிரிக்கிறாள். “சரி மேடம், அப்படியே விடுறேன்.” பிறகு அடுத்த சந்தேகத்துக்குப் போகிறாள். எதிரே நிற்கிற வாடிக்கையாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்கும் எரிச்சலாகத்தான் வருகிறது, ஆனால் ஒரு போனையும் எடுக்காமல் விட்டதில்லை.